நூலோடு உண்மையையும் கொடுங்கள்: உல்லன் நூல் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கடைக்காரர்களே,

ஜிப், லேஸ், பட்டன், எம்பிராய்டரி நூல் எல்லாம் அடுக்கிய கடையில், உள்பக்க அலமாரியில் பிளாஸ்டிக் உறையோடு உல்லன் நூல் உருண்டைகளையும் வைத்து விற்கிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் கடைவீதிகளில் இருப்பவர்களுக்கும் எழுதுகிறேன். குளிரே தெரியாத சென்னை, மதுரை, திருச்சி ஃபேன்சி ஸ்டோர்களில் இருப்பவர்களுக்கும் எழுதுகிறேன். நூலை நூற்ற மில் எங்கேயோ இருக்கிறது. எங்கள் முகத்தைப் பார்த்து நூலை எடுத்துக் கொடுப்பவர் நீங்கள்தான். அதனால் என் குறையும் கோரிக்கையும் உங்களிடம்தான் வர வேண்டும்.

நீங்கள் கொடுப்பது அரைக் கிலோ நூல். அதை வாங்கிக்கொண்டு போனவள் என்ன செய்கிறாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரியவர் ஒருவருக்கு, தலைவழியாக மாட்டிக்கொள்ளும் முழுக்கை ஸ்வெட்டர் ஒன்று. மார்புச் சுற்றளவு 40 அங்குலம். சற்றுத் தடித்த நூலில் அங்குலத்துக்கு நாலரை கண்ணி வந்தால், சுற்றுக்கு 180 கண்ணி. கழுத்திலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கிப் பின்னுகிறாள். தோளிலிருந்து அக்குள் நோக்கிச் சாய்வாக இறங்கும் நாலு கோடுகளின் இருபுறமும், ஒன்றுவிட்டு ஒரு சுற்றுக்கு எட்டுக் கண்ணி கூட்டிக்கொண்டே வருகிறாள். அக்குள் வந்ததும் கைகளுக்கான கண்ணிகளை வேறு ஒரு நூலில் கோத்து நிறுத்திவிட்டு உடம்பை முடிக்கிறாள். பிறகு ஒவ்வொரு கையாகத் திரும்ப எடுத்து மணிக்கட்டு வரை இறக்குகிறாள். எல்லாம் சேர்த்தால் குறைந்தது 35,000 கண்ணி. கை பழகியவள் நிமிடத்துக்கு 20 கண்ணி போடுவாள் என்று வைத்தாலும், எங்கும் பிரிக்காமல் பின்னினால் கிட்டத்தட்ட 30 மணி நேரம். புதிதாகக் கற்றவளுக்கு இதில் இரண்டு மடங்கு ஆகும். அதுவும் அடுப்பு வேலை, ஆபீஸ் வேலை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் முடிந்து மிஞ்சிய நேரத்தில்.

இவ்வளவு உழைப்பும் நிற்பது உங்கள் கவுண்டரில் நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தையின் மேல். "ப்யூர் உல்லன்மா, தொட்டுப் பாருங்க, பஞ்சா இருக்கும்" என்கிறீர்கள். அவளும் நம்பி வாங்கிக்கொண்டு போகிறாள்.

உங்கள் அலமாரியில் இருப்பதில் பெரும்பகுதி கம்பளி கிடையாது. அக்ரிலிக். பெட்ரோலிய வேதிப்பொருளிலிருந்து செய்த செயற்கை இழை. கேஷ்மிலான் என்று கேட்டு வாங்கினாலும் அதேதான். இதை நான் உங்கள் மேல் பழியாகச் சொல்லவில்லை. உங்களுக்கே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்துகொள்ள ஒரு தீப்பெட்டி போதும். சாண் நீள நூலை இடுக்கியில் பிடித்து, கீழே ஒரு எவர்சில்வர் தட்டை வைத்து, நுனியைத் தீயில் காட்டிப் பாருங்கள். கம்பளியாக இருந்தால் முடி பொசுங்கும் நாற்றம் வரும். தீயை எடுத்ததும் தானே அணைந்துவிடும். மிஞ்சும் கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். பருத்தியாக இருந்தால் காகிதம் எரியும் வாசனை, மெல்லிய சாம்பல். அக்ரிலிக் உருகிக்கொண்டே எரியும், கரும்புகை விடும், தீயை எடுத்த பிறகும் எரியும். ஆறியதும் நுனியில் ஒரு கறுப்பு மணி நிற்கும். அந்த மணியை நசுக்கிப் பாருங்கள். நசுங்காது.

அந்தக் கறுப்பு மணியைப் பார்த்த பிறகு ஒன்றை யோசியுங்கள். நம் ஊரில் உல்லன் நூல் அதிகம் போவது எதற்கு? கைக்குழந்தைக்கு. குல்லாய், காலுறை, சின்ன ஸ்வெட்டர். அதே குழந்தையைக் குளிப்பாட்டியதும் தணல்மேல் சாம்பிராணி போட்டுப் புகை காட்டுகிறோம். மலையில் இருக்கிற வீடுகளில் கரி அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து குளிர் காய்கிறோம். கம்பளி எளிதில் தீப்பிடிக்காது. பிடித்தாலும் உருகித் தோலில் ஒட்டாது. அக்ரிலிக் உருகும், ஒட்டும். "இது உல்லன்" என்று நம்பிய பாட்டி ஒருவிதமாக நடந்துகொள்வாள். "இது அக்ரிலிக், தணல் பக்கம் கொண்டுபோகாதீங்க" என்று நீங்கள் சொல்லியனுப்பிய பாட்டி வேறுவிதமாக நடந்துகொள்வாள். இந்த மடலில் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

நூல் இன்னது என்று தெரியாததால் வீணான ஸ்வெட்டர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். என்னிடம் பின்னக் கற்றுக்கொண்ட ஒரு பெண், டெல்லிக்குப் படிக்கப் போகும் தம்பிக்காக ஒன்று பின்னினாள். கழுத்திலும் இடுப்பிலும் மணிக்கட்டிலும் ரிப் பின்னல் அவ்வளவு அழகாக வந்திருந்தது. இழுத்து விட்டால் சுருக்கென்று பழைய இடத்துக்கு வரும். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், கம்பளிக்கு ஆவி காட்டலாம் என்று படித்ததை நம்பி, அயர்ன் பாக்ஸைச் சூடாக வைத்து அழுத்திவிட்டாள். அக்ரிலிக் அந்தச் சூட்டில் தன் துள்ளலை இழந்துவிடும். இழந்தது திரும்ப வராது. ரிப் முழுவதும் தட்டையாகத் தொங்கியது. கடைக்காரர் "உல்லன்" என்று சொன்னதை நம்பியதைத் தவிர அவள் செய்த பிழை எதுவும் இல்லை.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. உண்மையான கம்பளி நூல் தப்பித்தவறி ஒருத்தி கைக்கு வருகிறது. எல்லா உல்லனையும் போலத்தானே என்று வாஷிங் மெஷினில் வெந்நீர் விட்டுப் போடுகிறாள். கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் உரசலும் ஒன்றுசேர்ந்தால் அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். கணவருக்குப் பின்னியது ஆறு வயதுப் பிள்ளைக்குக்கூடப் பத்தாத அளவுக்குச் சுருங்கி, அட்டை மாதிரி வெளியே வரும். சூப்பர்வாஷ் என்று பதப்படுத்திய கம்பளியென்றால் இப்படி ஆகாது. அது சூப்பர்வாஷா, சாதாக் கம்பளியா என்பது உருண்டையைச் சுற்றிய காகிதப் பட்டியில் ஒரு வரியாக எழுதியிருந்தால் போதும். பல வார உழைப்பு தப்பும்.

நான் அக்ரிலிக்குக்கு எதிரி இல்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு நான் அதில்தான் பின்னுகிறேன். தினமும் துவைக்கலாம், பூச்சி அரிக்காது, விலை கட்டுப்படியாகும், பின்னக் கற்கிறவளுக்குப் பத்துத் தடவை பிரித்துப் பின்ன வசதி. கம்பளி உடம்புக்கு ஆகாதவர்களுக்கும் அதுதான் வழி. "அக்ரிலிக் என்று எழுதினால் யார் வாங்குவார்கள்?" என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். நாங்கள் வாங்குவோம். இப்போதும் அதைத்தானே வாங்குகிறோம்? பெயர் தெரிந்து வாங்கினால் எதற்கு எது என்று பார்த்து வாங்குவோம், அவ்வளவுதான். எங்களுக்கு வருத்தம் நூலின் மேல் இல்லை, சொல்லாமல் விட்டதன் மேல்தான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். கம்பளி என்று எழுதிவிட்டால் மட்டும் அது மென்மையாகிவிடாது. நம் மக்களுக்குக் கம்பளி என்றதும் நினைவுக்கு வருவது குத்தும் கறுப்புப் போர்வைதான். அந்த நினைப்பிலும் நியாயம் இருக்கிறது. மென்மை இழையின் தடிமனில் இருக்கிறது. மனிதத் தலைமுடி சுமார் 70 மைக்ரான். நல்ல மெரினோ ஆட்டின் ரோமம் 20 மைக்ரானுக்கும் கீழே. 30 மைக்ரானைத் தாண்டிய முரட்டு இழைகள் நூறில் ஐந்துக்கு மேல் கலந்திருந்தாலே தோலில் குத்த ஆரம்பிக்கும். மேச்சேரி, ராமநாதபுரம் ஆடுகளுக்குப் பின்னுகிற மாதிரி ரோமமே கிடையாது. கோவைப் பக்கத்துக் குறும்பை ஆட்டின் ரோமம் முரடு. போர்வைக்கு ஆகும், வெறும் கழுத்தில் படும் ஸ்வெட்டருக்கு ஆகாது. தமிழ்நாட்டு இனங்களில் மென்மையான ரோமத்துக்கென்று இருப்பது நீலகிரி ஆடு ஒன்றுதான். 19ஆம் நூற்றாண்டில் டாஸ்மேனிய மெரினோவையும் பிரிட்டிஷ் ஆடுகளையும் நம் கோவைக் குறும்பை ஆட்டோடு கலந்து உருவான இனம் அது. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் அதை வளர்த்துக் காப்பாற்றி வருகிறது. அந்த மலையிலேயே கடை வைத்திருக்கும் உங்களில் எத்தனை பேர் அந்த ரோமத்தில் நூற்ற நூல் கிடைக்குமா என்று விசாரித்திருக்கிறீர்கள்? ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

மென்மையைச் சோதிக்கும் முறையையும் மாற்ற வேண்டும். உருண்டையை உறைக்கு மேலேயே அமுக்கிப் பார்க்கச் சொல்கிறீர்கள். விரல் நுனித் தோல் தடித்தது. வேலை செய்து காய்த்த விரல் இன்னும் தடித்தது. அதற்கு எல்லா நூலும் மென்மைதான். கழுத்தோரம், முழங்கையின் உள்பக்கம், இங்கே வைத்துக் கொஞ்ச நேரம் விட்டால்தான் குத்துமா குத்தாதா என்பது தெரியும். ஒவ்வொரு ரகத்திலும் ஒரு உருண்டையைப் பிரித்து, கைக்குட்டை அளவுக்கு ஒரு சதுரம் பின்னி, ஒரு தடவை துவைத்து, நூலுக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். பின்னித் தர எங்களில் யாரைக் கேட்டாலும் சந்தோஷமாகப் பின்னித் தருவோம். துவைத்த சதுரம் பொய் சொல்லாது. சாயம் போகுமா, நீளுமா, மேலே சின்னச் சின்ன உருண்டையாகப் பஞ்சு திரளுமா எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.

சாயத் தொட்டி எண் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே நிறம், ஒரே நிற எண். ஆனாலும் வேறு வேறு நாளில் வேறு வேறு தொட்டியில் சாயம் ஏறிய நூல்கள் ஒன்றுபோல இருக்காது. அதற்காகத்தான் மில்காரர் பட்டியில் லாட் எண் என்று ஒன்றை அச்சடிக்கிறார். நீங்களோ மூட்டை வந்ததும் பிரித்து, பழைய இருப்போடு புதியதைக் கலந்து கொட்டிவிடுகிறீர்கள். சில கடைகளில் பட்டியே உருவிப் போய்விடுகிறது. உங்கள் ட்யூப்லைட் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுதான். பின்னி முடித்து வெயிலில் நிற்கும்போது மார்புக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டாற்போல நிறம் மாறி நிற்கும். கைதேர்ந்தவர்கள் இரண்டு உருண்டைகளையும் இரண்டிரண்டு வரிசையாக மாற்றி மாற்றிப் பின்னி அந்தக் கோட்டைக் கலைத்துவிடுவார்கள். புதிதாகக் கற்றவளுக்கு அது தெரியாது. தெரிந்தாலும், வேறு லாட் என்று யாராவது முன்கூட்டியே சொன்னால்தானே செய்ய முடியும்?

"நாலு உருண்டை போதும்மா" என்று நீங்கள் கண்ணால் பார்த்துச் சொல்லும் கணக்கும் இதோடு சேர்ந்ததுதான். போதாமல் திரும்பி வருகிறாள். அதற்குள் அந்த லாட் தீர்ந்துவிட்டது. ஸ்வெட்டருக்கு நூல் கிராமில் போவதில்லை, மீட்டரில் போகிறது. நான் மேலே சொன்ன அளவுக்கு 1,000 முதல் 1,200 மீட்டர் வேண்டும். 100 கிராம் உருண்டை தடித்த நூலானால் 200 மீட்டர் இருக்கும், மெல்லிய நூலானால் 400 மீட்டர்கூட இருக்கும். பட்டியில் கிராம் மட்டும் போட்டிருந்தால் எத்தனை உருண்டை என்று யார்தான் சொல்ல முடியும்? துணி அளக்கும் மீட்டர் கம்பி பெரும்பாலும் உங்கள் கவுண்டரிலேயே கிடக்கிறது. 20 மீட்டர் நூலை இழுக்காமல் அளந்து, கிராம் சுத்தமாகக் காட்டும் தராசில் வையுங்கள். 10 கிராம் வந்தால், 100 கிராமில் 200 மீட்டர். அலமாரித் தட்டில் ஒரு சீட்டில் அதை எழுதி ஒட்டிவிட்டால், அந்த ரகம் தீரும் வரை யாரும் உங்களைக் கேள்வி கேட்க வேண்டியதில்லை. கூடுதலாக வாங்கிய உருண்டையைப் பட்டி கழற்றாமல் கொண்டுவந்தால் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று மட்டும் சொல்லுங்கள். எல்லோரும் ஒரு உருண்டை கூடுதலாகவே வாங்குவோம்.

ஊசி எண்ணைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. நம் கடைகளில் விற்கும் ஊசிகளில் பலவற்றில் பழைய பிரிட்டிஷ் எண்தான் பொறித்திருக்கிறது. அதில் எண் கூடக்கூட ஊசி மெலியும். எண் 6 என்றால் 5 மில்லிமீட்டர், எண் 8 என்றால் 4 மில்லிமீட்டர், எண் 10 என்றால் மூன்றேகால். அமெரிக்க எண் இதற்குத் தலைகீழ். அங்கே எண் 6 என்றால் 4 மில்லிமீட்டர், எண் 8 என்றால் 5. இன்று பெண்கள் பின்னக் கற்பது கைபேசியில், அமெரிக்கர்கள் எழுதிய குறிப்புகளைப் பார்த்து. எட்டாம் எண் ஊசி வேண்டும் என்று உங்களிடம் கேட்கிறாள். நீங்களும் எட்டாம் எண்ணையே எடுத்துக் கொடுக்கிறீர்கள். இருவருமே நேர்மையாகத்தான் நடந்திருக்கிறீர்கள். ஆனால் 5 மில்லிமீட்டர் ஊசிக்கு எழுதிய குறிப்பு 4 மில்லிமீட்டரில் பின்னப்படுகிறது. அங்குலத்துக்கு நாலரை கண்ணி வர வேண்டிய இடத்தில் ஐந்து விழுந்தால், அதே 180 கண்ணி 40 அங்குலத்துக்குப் பதில் 36 அங்குலத்தில் முடிந்துவிடும். ஸ்வெட்டருக்குள் தலை நுழையும், உடம்பு நுழையாது. நுழைந்தாலும், நெருக்கிப் பின்னியதால் விறைத்து நிற்கும். எவ்வளவு உயர்ந்த மெரினோவாக இருந்தாலும் அங்கே மென்மை இருக்காது. "எத்தனை மில்லிமீட்டர்மா?" என்று திருப்பிக் கேளுங்கள். ஊசிக் கட்டின் மேல் மில்லிமீட்டரை மார்க்கரில் எழுதிவையுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

"மொத்த வியாபாரி அனுப்புவதைத்தான் நாங்கள் விற்கிறோம், எங்களால் என்ன ஆகும்?" என்று நீங்கள் கேட்பீர்கள். ஆகும். பொட்டலத்தில் எடையும் விலையும் போட்டாக வேண்டும் என்பது சட்டம். அதனால் அவை இருக்கின்றன. மற்ற விவரங்கள் பல பட்டிகளில் இல்லாததற்குக் காரணம், கேட்க ஆள் இல்லாததுதான். தனியாக ஒரு உருண்டை வாங்கும் நான் கேட்டால் மில்காரருக்குக் காது கேட்காது. மூட்டை மூட்டையாக எடுக்கும் நீங்கள் கேட்டால் கேட்கும். பட்டியில் விவரம் இல்லாத சரக்குக்கு விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது திருப்பி அனுப்புங்கள். புடவை பட்டா, பாலியஸ்டரா என்று ஜவுளிக்கடைக்காரர் சொல்லாமல் விட்டால் நம் ஊரில் சும்மா விடுவார்களா? அதே கேள்வியை ஸ்வெட்டர் நூலுக்கும் கேளுங்கள் என்கிறேன்.

அடுத்த பருவத்துக்கான சரக்குக்கு நீங்கள் ஆர்டர் கொடுக்கும் நேரத்தில் இந்த மடல் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று விரும்புகிறேன். இழை எது, நூற்றுக்கு எவ்வளவு கலப்பு, உருண்டைக்கு எத்தனை மீட்டர், எந்த லாட், எப்படித் துவைப்பது. இந்த விவரங்களைக் கேட்டு வாங்கி, கிடைக்காததை நீங்களே சோதித்து, அலமாரியில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். கைக்குழந்தைக்கு என்று யார் நூல் கேட்டாலும் தணலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். அப்படி எழுதி வைத்த கடை பக்கத்து ஊரில் இருந்தாலும் நாங்கள் பஸ் ஏறி வந்து அங்கேதான் வாங்குவோம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி